சந்தை மூலை நண்டுகள்

பொழுது இன்னும் நன்றாகப் புலரவில்லை. பாசையூர்க் கடற்கரையில் வள்ளங்கள் ஒவ்வொன்றாய் வந்தணைகின்றன. வலையிலிருந்து கழற்றிய நண்டுகள் மணலிற் கொட்டப்பட்டதும் அவற்றைத் தரம் பிரிக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. கொடுக்குகளைக் கயிற்றாற் கட்டிய பருத்த களிநண்டுகள் ஒரு கூடைக்குப் போகின்றன. அவை கொழும்பு சென்று, அங்கிருந்து விமானமேறிச் சிங்கப்பூர் சேருவன. நீலக்கால் நண்டுகளிற் பெரியவை இன்னொரு பெட்டிக்குப் போகின்றன. அவற்றின் சதை அவித்துப் பிரிக்கப்பட்டு, தகரத்தில் அடைக்கப்பட்டு, ஐக்கிய அமெரிக்கா வரை பயணஞ் செய்யும். இவ்விரண்டும் போனபின் மணலில் எஞ்சுவது ஒரு சிறு குவியல். முதுகிலே மூன்று பொட்டுடன் சில. செந்நிற வரிகளுடன் சில. கால் ஒடிந்தவை சில. உள்ளங்கையளவேயான சிறு நண்டுகள் பல. சந்தையின் மூலையிலே சாக்கின்மேற் பரப்பி, வெயில் ஏறுமுன் விற்றுத் தீர்க்கவேண்டியவை இவை.

நாம் இன்று எழுதப் புகுந்தது அந்த மூலைக் குவியலைப் பற்றியே.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று களிநண்டு வாங்கச் சென்றிருந்தோம். விலையைக் கேட்டதும் கையில் விரித்துப் பிடித்திருந்த பை தானாகவே மடிந்துகொண்டது. திரும்பி நடக்கையில் மூலையிலிருந்த ஆச்சி ஒருவர் குரல் கொடுத்தார்.

"ஏன் மோனை பாத்துப்போட்டுப் போறாய்? இந்த முக்கண்ணனைக் கொண்டுபோ. ஒரு களிநண்டுக் காசுக்கு ஆறு தாறன்."

ஆறு என்ற எண் நம்மை மயக்கிவிட்டது. வாங்கிவந்தோம். களிநண்டுக்கு எப்படிச் சமைப்போமோ அப்படியே சமைத்தோம். வறுத்த தூள் தாராளமாகப் போட்டு, பழப்புளியைக் கரைத்து விட்டு, அரை மணித்தியாலம் கொதிக்க வைத்தோம். உண்ண அமர்ந்தபோதுதான் விளைவு தெரிந்தது. ஓட்டினுள்ளே சதை நூல்நூலாகச் சுருங்கி, ஓட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. நண்டின் இனிமை முழுவதும் தூளிலும் புளியிலும் மறைந்து போயிற்று. விருந்தினர் பண்புடையோர். குழம்பைப் புகழ்ந்தார்கள், நண்டைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை.

மறுவாரம் ஆச்சியிடம் சென்று முறையிட்டோம்.

"எவ்வளவு நேரம் அவிச்சனி?"

"அரை மணித்தியாலம், ஆச்சி."

ஆச்சி தலையில் அடித்துக்கொண்டார். "களிநண்டு கல்வீடு மோனை. இது ஓலைக்கொட்டில். ரெண்டுக்கும் ஒரே நெருப்போ?"

சமையற் கலை பற்றி நாம் கேட்ட பாடங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை. நம்மவர் வீடுகளில் நண்டு என்றால் களிநண்டு. அதற்கென ஒரு கறி. பிற நண்டுகளை அந்தக் கறிக்குள்ளே தள்ளிப் பார்த்து, 'ருசியில்லை' என்று ஒதுக்கிவிடுகிறோம். குறை நண்டினிடத்தில் இல்லை.

எந்த நண்டு எது?

களிநண்டு, சேற்று நண்டென்றும் களப்பு நண்டென்றும் வழங்குவது. கண்டற் காடுகளின் சேற்றில் வளை தோண்டி வாழ்வது. அதன் ஓடு தடித்தது; கொடுக்கு பெருத்தது. நீரைவிட்டு வெளியே எடுத்தாலும் ஈரச் சாக்கினுள்ளே நாட்கணக்கில் உயிரோடிருக்கும். அது உயிரோடு விமானமேறக் காரணம் இதுவே. நீலக்கால் நண்டோ நீரைவிட்டு வெளியேறிய சில மணித்தியாலங்களில் மடிந்துவிடும். ஆகையால் அது பெரும்பாலும் சதையாகவே வெளிநாடு செல்கிறது. இவை இரண்டும் நாமறிந்த நண்டுகள். உள்நாட்டுப் போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்று, கடலுக்கும் தெருவுக்குமிருந்த தடைகள் தளர்ந்தபின், ஏற்றுமதிக்குக் கொள்வோர் வடபகுதித் துறைகளுக்கே நேரில் வரத் தொடங்கினர். மீனவனுக்கு அதனால் நல்ல விலை கிடைத்தது. அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கரையோரத்து வீட்டுச் சட்டியில் நண்டு அருகிப்போயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னரோ சொல்லவே வேண்டியதில்லை.

மூலைக் குவியலில் முதலாவது, ஆச்சி 'முக்கண்ணன்' என்ற நண்டு. நீலக்கால் நண்டின் நெருங்கிய உறவினன். நூல்களில் இதற்குப் போட்டுனஸ் சங்குவினோலென்டஸ் என்று பெயர். பச்சை கலந்த மங்கிய ஓட்டின் பின்பாதியிலே, வெள்ளை வளையஞ் சூழ்ந்த கருஞ்சிவப்புப் பொட்டுகள் மூன்று வரிசையாய் அமைந்திருக்கும். மணலும் சேறுமான திறந்த கடலடியில் வாழ்வது. ஓடு மெல்லியது, சதை வெண்மையானது, சுவை இனியது. நீலக்கால் நண்டையும் இதையும் கண்ணை மூடிக்கொண்டு உண்பவர் வேறுபாடு காண்பாரோ என்பது நமக்கு ஐயமே.

இரண்டாவது சிலுவை நண்டு. இதன் ஓட்டிலே செங்கபில நிறத் திட்டுகளுக்கு நடுவே வெளிறிய சிலுவைக் குறியொன்று தெளிவாய்த் தெரியும். இதைப் பற்றி ஒரு கதையுண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1546ஆம் ஆண்டளவில் மலுக்குத் தீவுகளிடையே கடற்பயணஞ் செய்கையில் புயல் எழுந்ததாம். அவர் தம் பாடுபட்ட சுரூபத்தைக் கடலிலே தோய்க்க, அது கைநழுவி விழுந்ததாம். மறுநாட் கரையேறியபோது நண்டொன்று அதனைத் தன் கொடுக்குகளில் ஏந்தி வந்து கொடுத்ததாம். அன்று பெற்ற ஆசியே இந்தச் சிலுவை என்பர் பத்தியுடையோர். சவேரியார் 1542ஆம் ஆண்டு முதல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றியவர். ஆகவே கதை நடந்த இடம் தூரமாயினும் கதாநாயகர் நமக்குத் தூரமானவரல்லர். கதை ஒருபுறமிருக்க, சமையலுக்கு வேண்டிய செய்தி இதன் ஓடு முக்கண் நண்டினதைவிடத் தடித்தது, கொடுக்கில் நிறையச் சதை உள்ளது என்பதே.

மூன்றாவது வகை என்று ஒன்றில்லை. எல்லா இனத்துச் சிறு நண்டுகளும் காலொடிந்தவைகளும் சேர்ந்த கலவை அது.

பெயர்களை மட்டும் நம்பவேண்டாம் என்று வாசகர்களை எச்சரிக்கிறோம். நண்டின் பெயர் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பெயரை இரண்டு நண்டுக்கு இடும் ஊர்களும் உண்டு. ஓட்டின் அடையாளமே நம்பத்தக்கது. உயிரியல் படிக்கும் மாணவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் ஒரு நண்டைக் கொடுத்துப் பாருங்கள். முக்கண் நண்டிலும் நீலக்கால் நண்டிலும் ஓட்டின் ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் ஒன்பது முட்களை எண்ணலாம். கடைசி முள் ஈட்டிபோல் நீண்டிருக்கும். சிலுவை நண்டில் ஆறு முட்கள். கால்கள் ஐந்து இணை, முதலிணை கொடுக்கு. இந்த நண்டுகள் அனைத்திலும் கடைசிக் காலிணை தட்டையாகித் துடுப்பாய் மாறியிருக்கும். வயிற்றுப்புறத்து மடலைப் பார்த்தால் ஆண் பெண் தெரியும். ஒடுங்கிக் கூர்மையானது ஆண். அகன்று வட்டமானது பெண்.

அந்தத் துடுப்புக்காலை மாணவர் மட்டுமன்றி இல்லத்தரசிகளும் நன்றாக நினைவிற் கொள்ளவேண்டும். ஏனெனில் கடலில் நஞ்சுள்ள நண்டுகளும் இருக்கின்றன. முருகைக்கற் பாறைகளில் வாழும் சில நண்டுகளின் உடலில், பேத்தை மீனில் உள்ளதற்கொப்பான கொடிய நஞ்சு காணப்படுகிறது. அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. உதடும் நாவும் மரத்து, கை கால் சோர்ந்து, மூச்சடைத்து மரணம் நேரலாம். இந்நண்டுகள் பார்வைக்கு அழகானவை. ஓடு விசிறிபோல் அகன்று, வழவழப்பாகவோ முண்டு முண்டாகவோ இருக்கும். கொடுக்கின் நுனி பெரும்பாலும் கரியது. கடைசிக்கால் துடுப்பாயிராது, கூராகவே முடியும். பாறையில் பிள்ளைகள் பிடித்துவந்த நண்டு, பெயர் தெரியாத நண்டு, துடுப்புக்கால் இல்லாத நண்டு ஆகியவற்றைச் சட்டிக்குள் சேர்க்கலாகாது. கறியிற் போடாவிடினும் சூப்புக்குப் போடலாமே என்ற எண்ணமும் வேண்டாம். ஆச்சியின் குவியலிலும் இவ்விதம் ஒன்று தவறி வந்திருந்ததை நாம் ஒருமுறை கண்டோம். அவர் அதனைக் காலால் மணலுக்குள் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அந்தக் கண் நமக்கு வாய்க்கும்வரை, அறிந்தவரிடமே வாங்குவது நன்று.

வாங்கும்போது

கடல் நண்டு பெரும்பாலும் உயிரற்ற நிலையிலேயே சந்தைக்கு வருகிறது. உயிர் போனதும் நண்டின் ஈரற்பகுதியிலுள்ள நொதியங்கள் அதன் சதையையே கரைக்கத் தொடங்குகின்றன. மீன் கெடுவதைவிட நண்டு விரைந்து கெடுவதற்கு இது ஒரு காரணம். எனவே மூக்கே முதற் கருவி. கடலின் வாடை வரலாம். நவச்சாரம்போல் மூக்கிலேறும் நெடி வந்தால் இலவசமாய்த் தந்தாலும் வேண்டாம். தூக்கினால் கால்கள் தொய்ந்து தொங்குவதும் நல்ல அறிகுறியன்று.

அடுத்தது பாரம். ஒரே அளவான இரண்டு நண்டில் பாரங் கூடியதை எடுக்கவேண்டும். நண்டு வளர்வதற்காகத் தன் ஓட்டைக் கழற்றிப் புதிது பூணும். புதிய ஓட்டினுள்ளே சதை நிரம்பச் சில காலஞ் செல்லும். அதுவரை உள்ளே நீர்தான். வயிற்றுப்புறத்தே, கால்கள் தொடங்குமிடத்திற்கு அருகில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது தண்ணீர் நண்டு. பௌர்ணமியை அண்டிய நாட்களில் நண்டு வற்றியிருக்கும், இருட்டுக் காலத்திற் சதைபிடிக்கும் என்பது மீனவரின் சொல். நாம் பஞ்சாங்கமும் பார்ப்போம். பெருவிரலாலும் அழுத்திப் பார்ப்போம்.

மடலின்கீழே முட்டைக் குவையோடு இருக்கும் பெண் நண்டை நாம் வாங்குவதில்லை. மஞ்சளாய்த் தொடங்கி, பொரிக்குங் காலம் நெருங்கக் கருமையாகும் அம்முட்டைகள் ஒரு நண்டில் இலட்சக்கணக்கில் இருக்கும். "வாங்க ஆளில்லையெண்டா விடியப்புறம் கடலுக்கை விட்டுடுவாங்கள்" என்று ஆச்சியே சொன்னார். அவருக்கு நட்டமான பேச்சு அது.

கழுவுதல்

வீட்டுக்கு வந்ததும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்து நண்டை முதலிற் கவனிக்கவேண்டும். உயிருள்ளதாயின் பனிக்கட்டித் தண்ணீரில் அரை மணித்தியாலம் இட்டால் மரத்துவிடும். அதன்பின் வெட்டுவதே அதற்கும் நமக்கும் நல்லது. மடலை நிமிர்த்திப் பிய்த்து, அவ்விடத்திலேயே விரலை விட்டு மேலோட்டைக் கழற்றலாம். இருபக்கமும் பஞ்சு விரல்கள்போற் படிந்திருக்கும் செவுள்களைக் களைந்துவிடுக. வாய்க்குப் பின்னுள்ள சிறு பையும் போகவேண்டும். மணலும் அழுக்கும் அங்கேதான். மஞ்சளாய்க் காணும் 'கொழுப்பு' உண்மையிற் கொழுப்பன்று. நண்டின் ஈரலும் கணையமும் ஒன்றான உறுப்பு. குழம்புக்குச் சுவையூட்டுவது அதுவே. ஆயினும் கடலின் மாசுகள் சேருமிடமும் அதுவாகையால், வாரந்தோறும் நண்டுண்ணும் வீட்டாரும் சிறுபிள்ளைகளும் அதனை நீக்குதல் நலம். ஓடும் நீரில் ஒருமுறை கழுவினாற் போதும். ஊறவைத்தால் இனிமை நீரோடு போய்விடும். கொடுக்கை அம்மிக் குழவியால் ஒரேயொரு தட்டுத் தட்டுக. ஓடு வெடிக்கவேண்டும், நொறுங்கலாகாது.

முக்கண் நண்டுப் பாற்கறி

ஆச்சி வாய்மொழியாகத் தந்ததை நாம் நாலைந்து முறை சமைத்து அளவு கண்டு எழுதுகிறோம். ஐந்தாறு பேருக்குப் போதும்.

முக்கண் நண்டு ஒரு கிலோ. நடுத்தரமாயின் ஆறு அல்லது ஏழு நிற்கும். சின்ன வெங்காயம் 100 கிராம். பச்சைமிளகாய் ஐந்து. உள்ளி ஆறு பல். மிளகும் நற்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, இரண்டையும் உள்ளியோடு சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாய்த் தட்டிக்கொள்க. வெந்தயம் அரைத் தேக்கரண்டி. மஞ்சள் அரைத் தேக்கரண்டி. ஒரு தேங்காயின் முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் இரண்டு கோப்பை. கறிவேப்பிலை, முருங்கையிலை ஒரு பிடி, தேசிக்காய் பாதி, உப்பு. மிளகாய்த்தூள் கிடையாது. கைபழகிய அடுக்களையில் இது கடினமான விரதம் என்பதை அறிவோம்.

மண்சட்டியில் இரண்டாம் பாலை ஊற்றி, வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு யாவற்றையும் அதிலேயே இட்டு முதலிற் கொதிக்க விடுக. வெங்காயம் குழைந்து பால் சற்றே வற்றிய பிறகுதான் நண்டு சட்டிக்குள் இறங்கவேண்டும். இதுவே இக்கறியின் உயிர்நிலை. களிநண்டுக்கு நண்டும் குழம்பும் ஒன்றாய்க் கொதிக்கும். இங்கே குழம்பு ஆயத்தமாகி நண்டுக்குக் காத்திருக்கும். தட்டிய கூட்டைத் தூவி, மூடி, மிதமான நெருப்பில் எட்டு நிமிடம். இடையில் ஒருமுறை புரட்டினாற் போதும். பின் முதற்பாலை விட்டு, முருங்கையிலையைப் போட்டு, ஒரு கொதி எழும்போதே இறக்கிவிடுக. தேசிப்புளியை இறக்கியபின் விடவேண்டும். அடுப்பிலிருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

மெல்லிய ஓட்டினூடே சூடு விரைவில் உட்புகுகிறது. சூடு மிஞ்ச மிஞ்சச் சதையிலுள்ள புரதம் இறுகிச் சுருங்கித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்துவிடுகிறது. நம் முதற் சமையலில் நூலாய்ப் போனதன் இரகசியம் அதுதான். வெந்ததற்கு அடையாளம் ஓடு சிவப்பதன்று என்பதையுங் குறித்துக்கொள்க. நண்டின் ஓட்டிலே செந்நிறப் பொருளொன்று எப்போதுமே உண்டு. அஸ்டாக்ஸாந்தின் என்பது அதன் பெயர். உயிருள்ளபோது அது ஒரு புரதத்தோடு பிணைந்து நீலமாகவும் பச்சையாகவும் தோற்றுகிறது. சூடுபட்டதும் புரதங் குலைய, மறைந்திருந்த சிவப்பு வெளிப்படுகிறது. ஓடு முதலிற் சூடாவதால் முதலிற் சிவக்கிறது. உள்ளே சதை அப்போதும் பச்சையாயிருக்கலாம். சதை கண்ணாடித்தன்மை நீங்கிப் பால்போல் வெளுத்திருப்பதே வெந்ததற்கு அடையாளம். ஓர் உடலைப் பிளந்து பார்த்தாற் போதும்.

இக்கறிக்குச் சோற்றைவிடப் பிட்டு நல்ல துணை. இடியப்பமும் ஏற்கும். முதலில் நாம் பாணோடு உண்டு பார்த்தோம். தவறில்லை, ஆனாற் பிட்டைப்போல் அது பாலை உறிஞ்சவில்லை.

சிலுவை நண்டுப் பிரட்டல்

சிலுவை நண்டு தடித்த ஓட்டினன். இவனை வெட்டாமல், முழுதாக, வயிறு மேல்நோக்க வைத்து ஆவியில் அவிக்கவேண்டும். பெரிதாயின் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். இடியப்பச் சட்டியே போதும். விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவரும் ஒரு சட்டியும் ஒரு மூடியும் இருந்தால் இதுவரை செய்துவிடலாம். உப்பும் மிளகும் தேசிக்காயும் தொட்டு அப்படியே உண்பதில் ஒரு குறையுமில்லை.

வீட்டிற் சமைப்போர் ஆறியபின் ஓட்டைக் கழற்றித் துப்புரவாக்கி நாலாய் வெட்டிக்கொள்வர். தாச்சியில் நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, வட்டமாய் வெட்டிய வெங்காயம், தட்டிய உள்ளி என்று வதக்கி, பொன்னிறமானதும் புதிதாய் இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி சேர்த்து, நண்டைப் போட்டு மூன்று நிமிடம் பிரட்டி எடுத்தால் முடிந்தது. நண்டு முன்னரே வெந்தது. இங்கே அது மிளகை அணிந்துகொள்கிறது, அவ்வளவே. இதிலும் சிலர் கறித்தூள் தூவுவர். நாம் தூவிப் பார்த்தோம், மறுமுறை தூவவில்லை.

சிறியவைக்கும் வேலையுண்டு

உள்ளங்கையளவு நண்டில் சதையைத் தேடுபவர் பொறுமையிழப்பார். அதனிடம் கேட்கவேண்டியது சாற்றை. துப்புரவாக்கிய சிறு நண்டுகளை உரலில் இட்டு ஓட்டோடு இடித்து, நீர்விட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, துணியில் வடித்து எடுத்தால் நறுமணமுள்ள சாறு கிடைக்கும். ஓட்டுத் துணுக்கு தொண்டையிற் சிக்காதபடி இரண்டு முறை வடித்தல் அவசியம். அதில் கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், உள்ளி தட்டிப் போட்டு, சிறிது பழப்புளி கரைத்து இறக்கினால் நண்டு இரசம். மாரிகாலத்துத் தடிமனுக்கு இதனை மருந்தென்று தரும் பாட்டிமார் இன்றும் உளர். மருந்தோ அன்றோ, மூக்கடைப்பு விலகுவதை நாம் கண்டிருக்கிறோம்; மிளகுக்கும் அதிற் பங்குண்டு.

ஒடியற் கூழ் காய்ச்சுவோர் சிறு நண்டை விரும்பி வாங்குவது சந்தையில் இன்றும் காணும் காட்சி. மூலைக் குவியலின் மதிப்பை மறவாதது கூழ்ப்பானை ஒன்றுதான். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேல்நீரை இரண்டு மூன்று முறை வடித்துக் கைப்பைப் போக்கிக்கொள்ளவேண்டும். பெரிய பானையிற் பலாக்கொட்டையும் ஒரு பிடி அரிசியும் முதலில் வேகட்டும். பின் மரவள்ளியும் பயிற்றங்காயும். அடுத்து மீன், இறால், சிறு நண்டு. ஈற்றில் அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும் பழப்புளியும் கரைத்த ஒடியல் மாவும், மேலே முருங்கையிலையும். மா இட்டபின் கை ஓயாமல் துழாவவேண்டும். பனையோலைப் பிளாவில் ஊற்றி, முற்றத்தில் வட்டமாயிருந்து குடிப்பதற்கு இன்னும் அரைப்பக்கம் எழுதலாம். ஆனாற் கூழைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு யாழ்ப்பாணத்தார் சொல்வது வீண்வேலை.

வயல் நண்டும் ஓடை நண்டும் சமைக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இத்தீவின் நன்னீரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நண்டினங்கள் வாழ்கின்றன. ஏறக்குறைய அவை அனைத்தும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. மலையோடைகளில் வாழ்பவற்றிற் பல அழியும் ஆபத்திலுள்ளன. அன்றியும் நன்னீர் நண்டு நுரையீரற் புழுவின் குஞ்சுகளைத் தன்னுடலில் தாங்கியிருக்கக்கூடும். அரைவேக்காடாய் உண்டவரை அது பற்றும். அவற்றை ஓடையிலேயே விட்டுவிடுவோம். குழந்தையின் உள்ளங்கையில் விரலை நடக்கவிட்டு நண்டு ஊர்வதாகச் சொல்லிச் சிரிக்க வைப்பதற்கு அவையும் வேண்டுமல்லவா?

இன்னொன்று. நண்டு சிலருக்கு ஒவ்வாது. தோலிற் தடிப்பு, உதடு வீங்குதல், மூச்சுத்திணறல் என்பன தோன்றலாம். இறால் ஒவ்வாதவருக்கு நண்டும் பெரும்பாலும் ஒவ்வாது. எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுப்போர் ஒரு சிறு துண்டு கொடுத்துப் பொறுத்திருந்து பார்க்க. மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்க.

முதற் சமையலில் நம் குழம்பை மட்டும் புகழ்ந்த விருந்தினரைச் சென்ற மாதம் மீண்டும் அழைத்திருந்தோம். பாற்கறியும் பிட்டும். இம்முறை குழம்பைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை; வாய் நண்டோடு வேலையாயிருந்தது. "நீலக்கால் நண்டு இப்ப மலிஞ்சுபோச்சோ?" என்று ஒருவர் கேட்டார். முக்கண்ணன் என்றோம். அவர் ஓட்டைத் திருப்பிப் பார்த்துப் பொட்டுகளை எண்ணினார்.

இதையெல்லாம் ஆச்சியிடம் சொன்னோம். பத்திரிகையிலும் எழுதப்போகிறோம் என்றோம். அவர் வெற்றிலையைக் குதப்பியபடி சற்று யோசித்தார். வெயில் ஏறியும் விற்காத நண்டைக் கோழிக்குப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய நாட்கள் அவருக்கு எத்தனையோ இருந்திருக்கும்.

"எழுது மோனை, நல்லா எழுது" என்றார். "ஆனா ஆறு தாறன் எண்டு மட்டும் எழுதிப்போடாதை."

எழுதிவிட்டோம். வரும் ஞாயிறு ஐந்துதான் கிடைக்கும் என்ற அச்சத்துடனேயே பையை எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது.